ஏறச் சொன்னார், இறங்கிவிட்டேன்

ஐந்து மொழி தெரியும் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. வளசரவாக்கத்தில் என் பக்கத்து வீட்டு ஞானம் அக்காதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் தெரிந்தது தமிழும் ஆங்கிலமும் ஸ்பானிஷும். ஸ்பானிஷ் என்றால், கணினி நிறுவன ஊழியர்களுக்கு மாலை வகுப்பெடுத்துப் பிழைக்கிற அளவுக்கு. புது வகுப்பு தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் நாள் ஒரு வசனம் விடுவேன். "ஸ்பானிஷ் கத்துக்கிட்டா இத்தாலியன், போர்ச்சுகீஸ் எல்லாம் பாதி ஃப்ரீ." ஆடித் தள்ளுபடி மாதிரி. மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இதை ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஞானம் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் பாதிகளைக் கூட்டி முழுசாக்கிவிட்டார்.

அந்த வருடம் மொழி ஆசிரியர்களுக்கான ஒரு வாரப் பயிற்சிக்கு டுசல்டோர்ஃப் போக எனக்கு வாய்த்தது. ஞானம் அக்காவின் தங்கை தவமணி பக்கத்து ஊரான எசனில் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் போனவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஆரணி எர்லாங்கனில் பொறியாளர். பயிற்சி தொடங்கும் முன் சனி, ஞாயிறை எசனில் கழிக்கலாம், வறுத்து இடித்த மிளகாய்த்தூளையும் கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று முடிவானது. கூடவே ஒரு சின்ன உதவி என்றார் ஞானம் அக்கா.

சின்ன உதவியை தவமணி அக்காவே வீடியோ அழைப்பில் விளக்கினார். ஆரணி, கூட வேலை செய்யும் மத்தேயோ என்ற இத்தாலியப் பையனைக் கல்யாணம் செய்யப் போகிறாள். பையனின் அம்மா ரொசால்பா அந்த வாரக் கடைசியில் எசனுக்கு வருகிறார். அந்த அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, இவருக்கு இத்தாலியன் தெரியாது.

"பிள்ளையள் நடுவில நிண்டு சொன்னா வடிகட்டித்தான் சொல்லுவினம் டீச்சர். உங்களைப் போல ஒரு வெளி ஆள்தான் சரி."

"அக்கா, எனக்கு ஸ்பானிஷ்தான்..."

"ஞானம் அக்கா சொன்னவ. ரெண்டும் ஒண்டுதானாமே?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "கிட்டத்தட்ட" என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை டுசல்டோர்ஃபில் இறங்கி எசனுக்கு ரயில் ஏறப் போனேன். வண்டி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. நான் கதவின் முன் மரியாதையாகக் காத்திருந்தேன். கதவும் காத்திருந்தது. பின்னால் சைக்கிளோடு நின்ற ஒருவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். திறந்துகொண்டது. அவர் முணுமுணுத்தது ஜெர்மன்தான். ஆனால் அந்தத் தொனி, படியில் நிற்பவர்களைப் பார்த்து நம் மாநகரப் பேருந்து கண்டக்டர் பேசுவது. மொழி தெரியாமலே முழுக்கப் புரிந்தது.

எசன் ரயில் நிலையத்தில் தவமணி அக்கா நின்றிருந்தார். சின்ன உருவம், தடித்த கோட்டு, அதற்குக் கீழே எட்டிப் பார்க்கும் பருத்திச் சேலை. "சுகமோ? பிளேனில ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே என் பெட்டியைப் பறித்துக்கொண்டார். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினோம். மேலே போனதும் புட்டு, மீன் குழம்பு, இடித்த சம்பல். வெளியே மழை. உள்ளே வெங்காயம் தாளிக்கும் வாசனை. மேலே தீயறிவிப்புக் கருவி கத்திவிடாமல் இருக்க ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளித்தார். சென்னையில் புகை வெளியே போகத் திறப்போம், இங்கே தீயணைப்பு வண்டி உள்ளே வராமலிருக்க.

மறுநாள் காலை நான் நைட்டியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "டீச்சர், அவையள் இப்ப வந்திடுவினம். கெதியா வெளிக்கிடுங்கோ."

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் 'வெளிக்கு' என்று தொடங்கினால் அது காலைக்கடன் விஷயம். விருந்தாளியிடம் இதையெல்லாமா விசாரிப்பார்கள்? ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

"அதெல்லாம் எழுந்தவுடனே ஆச்சு அக்கா" என்றேன்.

அவர் எட்டி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "உந்த நைட்டியோடதானோ ஆக்களைச் சந்திக்கப் போறீங்கள்?"

வெளிக்கிடுவது என்றால் உடுத்திப் புறப்படத் தயாராவது. ஒரே தமிழ், அதிலேயே ஒரு வினைச்சொல் என் கழுத்தைப் பிடித்துவிட்டது. இன்னொரு மொழியில் கால் வைக்கும் முன் நான் யோசித்திருக்க வேண்டிய இடம் அது. நானோ சிரித்துவிட்டுச் சேலை கட்டப் போனேன்.

ரொசால்பா வந்தார். அறுபதைத் தாண்டிய, குட்டையான, திடமான மனுஷி. மலைக்கிராமத்துக்காரர். ஒரு கையில் ஆலிவ் எண்ணெய் டின், மறு கையில் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்த பாலாடைக்கட்டி. பின்னால் மத்தேயோ, ஒல்லியாக, பயந்த கண்களோடு. ஆரணி அவனைவிட உயரம். அம்மாவிடம் தமிழ், அவனிடம் ஜெர்மன், என்னிடம் ஆங்கிலம் கலந்த தமிழ் என்று மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினாள்.

மதியம் இடியப்பமும் சொதியும். ரொசால்பா இடியப்பத்தை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி, சொதியில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு விரல் நுனிகளைக் குவித்து முத்தமிட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

தவமணி அக்கா போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியையும் ஒருமுறை சோதித்தார். "ஆரணி உங்களைப் பற்றி நெடுகக் கதைக்கிறவள்" என்று அதனிடம் சொன்னார். போன் இத்தாலியனில் ஏதோ பேசியது. ரொசால்பா குழம்பிப்போய்க் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். தவமணி அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் நேரம் வந்துவிட்டது.

கல்யாண மண்டபம் பார்க்க டெர்மின் இருக்கிறது என்று பிள்ளைகள் கிளம்பினார்கள். இங்கே எதற்கும் டெர்மின் வேண்டும், முன்கூட்டியே நேரம் வாங்காமல் யாரும் யாரையும் பார்க்க முடியாது. கதவு மூடியதும் தவமணி அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ரொசால்பாவும் இழுத்துப் போட்டார். நடுவில் நான், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் மாதிரி நிமிர்ந்து.

என் தொழில்நுட்பம் எளிமையானது. ஸ்பானிஷ் சொல்லின் வாலை வெட்டிவிட்டு ஒரு 'ஓ'வோ 'இ'யோ ஒட்ட வேண்டும், கையை ஆட்ட வேண்டும். வியப்பு என்னவென்றால், அது வேலை செய்தது. வீடு சொந்தமா? சொந்தம். பையனுடைய அப்பா? இறந்துவிட்டார், இதயம். பையன் குடிப்பானா? கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ். ஒவ்வொரு பதிலும் தமிழில் விழுந்தபோது தவமணி அக்காவின் முகம் தெளிந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஞானம் அக்கா சொன்னது ஒன்றும் பெரிய பொய்யில்லை என்று தோன்றியது.

"ஞாயிற்றுக்கிழமையில மாப்பிள்ளை என்ன செய்யிறவர் எண்டு கேளுங்கோ."

கேட்டேன். ரொசால்பாவின் முகம் மலர்ந்தது. ஊருக்கு வந்தால் ஞாயிறு தவறாமல், "ஸாலே கோன் லா மியா எலேனா" என்றார்.

'ஸாலே கோன்' நான் இரண்டாவது வாரத்தில் நடத்தும் பாடம். ஸ்பானிஷில் 'ஸலீர்' என்றால் வெளியே போவது. 'கோன்' சேர்த்து ஒருத்தியோடு வெளியே போகிறான் என்றால் அவளைக் காதலிக்கிறான் என்று பொருள். மாணவர்கள் அந்தப் பாடத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவசரப்படக் கூடாது என்று திருப்பிக் கேட்டேன். "ஸாலே கோன் எலேனா?"

"ஸீ, ஸீ! ஸெம்ப்ரே!" என்றார். ஆமாம், ஆமாம், எப்போதும்.

உறுதி செய்துகொண்டேன் அல்லவா? தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. மொழிபெயர்த்தேன். "அக்கா... பையன் ஊருக்குப் போனா ஞாயித்துக்கிழமை எலேனான்னு ஒரு பொண்ணோட வெளிய போவாராம். அதாவது... பழக்கமாம்."

தவமணி அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "முந்தியோ? இப்பவுமோ?"

கேட்டேன். இப்போதும்தான், பதினெட்டு வயதிலிருந்தே, என்றார் ரொசால்பா பெருமையாக.

"ஆரணிக்குத் தெரியுமோ?"

தெரியாமல் என்ன, போன கோடையில் மூன்று பேருமே சேர்ந்து போனார்களே என்றார். 'ஸலீத்தி' என்றார், மூன்று விரலையும் காட்டினார். சொல்லக் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

தவமணி அக்கா கோப்பையை இன்னும் தள்ளி வைத்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "கலியாணத்துக்குப் பிறகு உந்தப் பழக்கத்தை விடுவாரோ?"

இதைக் கேட்டதும் ரொசால்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஏன் விட வேண்டும்? எலேனா உயிரோடு இருக்கும்வரை விட மாட்டான்! அவன் கையைப் பிடிக்கிற மாதிரி வேறு யாரும் பிடிப்பதில்லை என்று எலேனா அழுவாள்! தொடையைத் தட்டித் தட்டிப் பேசினார். நடுவில் 'ஜினோக்கியா' என்று ஒரு சொல் இரண்டு முறை வந்தது. நான் கேள்விப்படாத சொல். தெரியாது என்று ஒப்புக்கொண்டால் இதுவரை கட்டியதெல்லாம் சரிந்துவிடும்.

"அந்தப் பொண்ணு ஜினோக்கியாங்கிற ஊர்க்காரி போல" என்று சேர்த்துக்கொண்டேன்.

தவமணி அக்கா எழுந்தார். "எனக்குத் தலையிடிக்குது. நான் கொஞ்சம் படுக்கிறன். பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ டீச்சர். நான் யோசிக்கோணும்."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. ரொசால்பா என்னைப் பார்த்துக் கைகளை விரித்தார். களைப்பு என்று சைகையில் சொன்னேன். அவர் எழுந்து போய், எனக்குத் தோன்றுகிற வரையில் அந்தக் களைப்புக்காகத்தான், பாத்திரங்கள் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார்.

திரும்பி வந்த ஆரணி என்னைப் பால்கனிக்கு இழுத்துப் போனாள். "அன்ரி, என்ன நடந்தது? அம்மா மத்தேயோவின்ர முகத்தையே பாக்கிறா இல்லை." மொழிபெயர்ப்பாளர்கள் ரகசியம் காக்க வேண்டியவர்கள் என்று நான் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கம்பீரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஞாயிறு காலை வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. பிள்ளைகள் டுசல்டோர்ஃபில் இருக்கும் ஆரணியின் பெரியப்பாவைப் பார்க்கப் போய்விட்டார்கள். தவமணி அக்கா ரொட்டியையும் சம்பலையும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் அறைக்குள் போனார். ரொசால்பா பூசைக்குப் போக வேண்டும் என்றார். நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய தேவாலயத்துக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றேன். இந்த வீட்டிலிருந்து இருவரும் சற்று நேரம் விலகியிருப்பது நல்லது என்று எனக்குப் பட்டது.

ட்ராம் வந்தது. இந்த முறை பொத்தானை நானே அமுக்கினேன். ரொசால்பா முதலில் ஏறினார். நான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, இது சரியான வண்டிதானா என்று நெற்றியில் எழுதியிருந்த பெயரை எட்டிப் பார்த்தேன். ரொசால்பா திரும்பி, கையை வீசி, "ஸால்கா, சின்யோரா, ஸால்கா!" என்று கத்தினார்.

ஸால்கா. ஸ்பானிஷில் மரியாதையாக ஒருவரை 'வெளியே போங்கள்' என்று சொல்லும் சொல். இதையும் நடத்தியிருக்கிறேன். ஆக, வண்டி தப்பு. இல்லையென்றால், நேற்று நடந்தது அவருக்குத் தெரிந்து என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எப்படியானாலும் உத்தரவு தெளிவு. "மன்னிக்கணும்" என்று தமிழில் சொல்லிவிட்டுக் காலை எடுத்துக் கீழே வைத்தேன். கதவு மூடியது.

கண்ணாடிக்குப் பின்னால் ரொசால்பாவின் வாய் திறந்தபடி நகர்ந்து போனது. அப்போதுதான் உறைத்தது. வெளியே போகச் சொன்னவர் ஏன் இறங்கவில்லை? இப்போது மாப்பிள்ளையின் அம்மா, ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல், தனியாக எசனுக்குள் போய்க்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சென்னையாக இருந்தால் ஆட்டோ பிடித்து, "அண்ணா, முன்னாடி போற பஸ்ஸப் புடிங்க" என்றிருப்பேன். இங்கே தெருவில் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் மட்டும்.

மத்தேயோவை அழைத்தேன். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அம்மா என்ன சொன்னார்?"

"ஸால்கா. வெளியே போ என்று."

"ஆன்ட்டி, ஸால்கா என்றால் ஏறுங்கள். வண்டியில் ஏறுங்கள். மேலே வாருங்கள்."

"ஸ்பானிஷில்..."

"எங்கள் மொழியில் ஸலீரே என்றால் ஏறுவது. மாடி, மலை, பஸ், எல்லாம்."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளையாக அங்கே ஒரு பெஞ்ச் இருந்தது. "மத்தேயோ, எலேனா யார்?"

"எலேனா பெரியம்மாவா? அம்மாவின் அக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை அவரோடு..."

"எங்கள் ஊர் உச்சியில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ஒரே செங்குத்து. பெரியம்மாவுக்கு எண்பது வயதாகப் போகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டது. நான் ஊரில் இருந்தால் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போவேன். ஏன்?"

"ஜினோக்கியா என்றால்?"

"முழங்கால்."

பிற்பாடு டுசல்டோர்ஃபில் அகராதிகளைப் புரட்டிப் பார்த்தேன். தாய் லத்தீனில் அந்த வினைச்சொல்லுக்குக் குதிப்பது என்று பொருளாம். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் குதித்திருக்கிறார்கள். ஸ்பானிஷும் போர்ச்சுகீஸும் வாசலைத் தாண்டி வெளியே. இத்தாலியன் படியில் மேலே. பிரெஞ்சு சுவரிலிருந்து பால்கனி மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு. ருமேனிய மொழி மட்டும் இன்னும் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவும் தெரியாமல் நான் வகுப்பில் பாதி இலவசம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவை உடனே அழைக்கிறேன் என்று மத்தேயோ வைத்துவிட்டான். தவமணி அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். எதைக் கட்டினாலும் கடைசியில் நான் முட்டாள் என்றே முடிந்தது. அதற்குள் தெரு முனையில் அவரே வந்துவிட்டார். வீட்டுச் செருப்பு, மாட்டியும் மாட்டாத கோட்டு, கையில் ரொசால்பாவின் போன். சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருந்தார். மத்தேயோ அழைத்தபோது எடுத்தவர் தவமணி அக்கா.

"எந்தப் பக்கம் போனது?"

கையைக் காட்டினேன். "அக்கா, அந்த எலேனா விஷயம்..."

"எலேனாவை விடுங்கோ இப்ப. அதைப் பேந்து பாப்பம். பாஷை தெரியாத மனுசி, ட்ராமில தனிய. எங்க இறங்கிறதெண்டு தெரியாட்டி கடைசி மட்டும் இருந்திடுவா. நானும் அப்பிடித்தான் இருந்தனான்."

அடுத்த வண்டியில் ஏறினோம். அவர் ஜன்னலோரம், கண் ஒவ்வொரு நிறுத்தத்தையும் துழாவியபடி.

"ஆரணி வயித்தில இருக்கேக்க ஆஸ்பத்திரிக்கு டெர்மின். இவருக்கு வேலை. தனியப் போனன். கேக்கப் பாஷை இல்லை. கடைசி ஸ்டொப்பில இறக்கிவிட்டிட்டான். பனி கொட்டுது. அங்க கிடந்த வாங்கில குந்தியிருந்து அழுதன். ஆரோ ஒரு மனுசி வந்து பக்கத்தில இருந்தா."

"என்ன சொன்னாங்க?"

"ஆருக்குத் தெரியும்? இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்லை. பக்கத்தில இருந்தா. அதுவே எனக்குப் போதும்."

இதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஸலீர், ஸலீரே, உள்ளே, வெளியே, மேலே, எல்லாம். அவர் தலையைத் திருப்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எலேனா?"

"ரொசால்பாவோட அக்கா. எண்பது வயசு ஆகப்போகுது."

"மூண்டு பேரும் சேர்ந்து போனது?"

"கோயிலுக்கு அக்கா. மலை மேல."

"கையைப் பிடிக்கிறது?"

"முழங்கால் வலி."

"அப்ப அந்த ஜினோக்கியா எண்ட ஊர்?"

"அதுதான் அக்கா முழங்கால்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கையைத் தொட்டேன். திரும்பினார். அழுகையும் இருந்தது. ஆனால் பெரும்பகுதி சிரிப்பு. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "இரவு முழுக்க நித்திரையில்லை. ஒரு முழங்காலாலை நான் கலியாணத்தைக் குழப்பப் பாத்தன்" என்றார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டு, "நான் இல்லை, நீங்கள்" என்று திருத்தினார்.

கடைசி நிறுத்தத்தில் ரொசால்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி. ட்ராம் ஓட்டுநர் அவருக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ரொசால்பா எழுந்து, முதலில் தவமணி அக்காவைக் கட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அடுத்து வந்த இத்தாலியனில் ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. திட்டு எந்த மொழியிலும் கிளைமொழி வேறுபாடு பார்ப்பதில்லை.

மத்தேயோவை அழைத்து நேற்றைய கதையைச் சொல்லி, அதை அம்மாவிடம் அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். போனைக் காதில் வைத்துக் கேட்ட ரொசால்பா நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு சிலுவைக்குறி போட்டார். பிறகு ஏதோ சொன்னார், மறுமுனையில் மத்தேயோ சிரித்தான். "தன் மேல் இப்படி ஒரு புகார் வந்தது தெரிந்தால் எலேனா இன்னும் பத்து வருடம் இருப்பாளாம்" என்றான்.

திரும்பும் வண்டி வரும்வரை மூவரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தவமணி அக்கா என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு கேள்வி இருக்கு. நேற்று கேக்க வேண்டினது இதுதான். சுத்திச் சுத்தி வேற என்னென்னவோ கேட்டனான். இதை மட்டும் சரியாச் சொல்லுங்கோ."

"மத்தேயோவையே கேக்கலாமே அக்கா."

"ஏலாது. பிள்ளையளுக்கு முன்னால கேக்கேலாது." அவர் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் தனிச்ச ஆள். நாளைக்கு எனக்கும் ஏலாமப் போனா, உங்கட மகன் என்ர பிள்ளையை என்னட்ட வர விடுவாரோ எண்டு கேளுங்கோ."

வாலை வெட்டி ஒட்டுகிற வேலை இதற்கு ஆகாது. ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். தவமணி அக்காவைக் காட்டினேன், தனி என்றேன். முழங்காலைத் தட்டி, ஜினோக்கியா என்றேன், முந்தின நாள் ஊர்ப்பெயர். ஆரணி, அம்மாவிடம், வர, மத்தேயோ? என்று கையால் ஒரு பாதை போட்டுக் காட்டினேன்.

ரொசால்பா என்னைப் பார்க்கவில்லை. தவமணி அக்காவைப் பார்த்தார். காபிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "ஸலிரா ஆங்கே கோன் லெய்" என்றார்.

அதே வினைச்சொல். எதிர்காலம். நான் இரண்டு விரல்களால் படியேறுவது போலக் காட்டிக் கேட்டேன். மேலேதானே? வெளியே இல்லையே? ரொசால்பா பெருமூச்சு விட்டு, தானும் இரண்டு விரலால் மேலே ஏறிக் காட்டினார்.

"மகளை விடறது என்னக்கா, அவரே வருவாராம். உங்களையும் கையைப் பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போவாராம்."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"கேட்டேன் அக்கா. ஏத்தம்தான்."

"ஓம்" என்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வண்டி வந்து நின்று, ஓட்டுநர் மணியடிக்கிற வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அன்று பூசை தவறிவிட்டது. மதியம் இரண்டு பேரும் அடுக்களையில் இருந்தார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் இத்தாலியனில், நிறுத்தாமல். நடுநடுவே பாலாடைக்கட்டி சீவும் சத்தம். உதவிக்கு வரட்டுமா என்று எட்டிப் பார்த்தேன். "நீங்கள் கதைக்காதேங்கோ டீச்சர், இருந்து சாப்பிடுங்கோ" என்றார் தவமணி அக்கா. பாலாடைக்கட்டி தூவிய புட்டு வந்தது. மாலையில் திரும்பிய பிள்ளைகள் இதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை, விசா கிடைக்கவில்லை. அழைப்பு வந்தது. மொழிபெயர்ப்புக்கு இல்லை, சாப்பிட மட்டும் என்று ஆரணி கையால் எழுதியிருந்தாள்.

போன மாதம் தவமணி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் இன்னும் இளைப்பு இருந்தது. இத்தாலியில் சம்பந்தி வீட்டில் இருக்கிறாராம். அன்று காலைதான் மலை உச்சிக்குப் போய் வந்தாராம்.

"நான், ரொசால்பா, எலேனா, மூண்டு கிழவியளும். மத்தேயோ ஒவ்வொருத்தரா இழுத்துக்கொண்டு போனவன். ஆரணி பின்னால தள்ளினவள்."

"எலேனாவைப் பாத்தீங்களா! அவங்களோட என்ன பேசினீங்க? யார் மொழிபெயர்த்தது?"

"ஆர் கதைச்சது?" என்றார் தவமணி அக்கா. "மூச்செடுக்கவே நேரம் காணேல்லை."